உனக்கு மாத்திரை கேட்காத காரணம்

என் தங்கமான அக்காவுக்கு,

காரணம் கிடைத்துவிட்டது அக்கா! இதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். நீ இல்லாவிட்டால் என்ன, சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

வையம்பட்டியில் வண்டியிலிருந்து விழுந்து உனக்குக் கால் எலும்பு முறிந்ததே, அந்த ஆபரேஷன் ஞாபகம் இருக்கிறதா? திருச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். "இதைவிட ஸ்ட்ராங்கான மாத்திரை கிடையாதும்மா" என்றார் நர்ஸ். "ரெண்டு புள்ள பெத்தவ, இதைத் தாங்க மாட்டாளா?" என்றார் உன் மாமியார். ஊருக்குப் போன பிறகும் நீ தலைவலி என்றால்கூட அவர்கள் வீட்டில் சிரித்தார்கள். உன்னை நான் நம்பினேன். ஆனால் எடுத்துச் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. பிறகு ஒரு காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோனது. 'வலி தாங்காதவள்' என்ற பேர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

இப்போது என் கதையைக் கேள். காந்தி மார்க்கெட் மண்டியில் வாழைத்தார் தூக்கித் தூக்கி என் வலது தோளில் சவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். உன்னை அந்தக் கட்டிலில் பார்த்தவள் நான், எப்படிச் சம்மதிப்பேன்? தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். சீப்பைக்கூடத் தூக்க முடியாமல், என் மகள் கயல்தான் லீவில் வந்தபோது எனக்குத் தலை வாரிவிட்டாள்.

அவள்தான் பெங்களூரிலிருந்து ஒரு சின்னக் குப்பி அனுப்பியிருந்தாள். எச்சிலைத் துப்பி அனுப்பினால் நம் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்வார்களாம். எனக்கும் ஆசைதான், அனுப்பி வைத்தேன். முடிவு வந்த அன்று போனில் அவள் குரலே மாறியிருந்தது.

"அம்மா, முன்னோரை விடும்மா. இதுல மருந்தைப் பத்தி ஒரு பக்கம் இருக்கு. சில வலி மாத்திரை உனக்கு வேலையே செய்யாதாம்!"

எனக்கு முதலில் என் தோள் ஞாபகம் வரவில்லை அக்கா. உன் முகம்தான் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு மயக்க மருந்து டாக்டரிடம் ஓடினேன். நிதானமான பெண்மணி. "வீட்டுல எடுத்த டெஸ்ட்டை மட்டும் நம்பி நான் மருந்தை மாத்த மாட்டேங்க. நம்ம லேப்ல ஒரு தடவை பார்த்துருவோம்" என்றார். பார்த்தார்கள். அதேதான் வந்தது!

"சில மாத்திரைங்க அப்படியே வலியைக் குறைக்காதுங்க. கல்லீரல்ல இருக்கற ஒரு என்சைம்தான் அதை வலியைக் குறைக்கற மருந்தா மாத்தணும். உங்களுக்கு அந்த என்சைம் வேலை செய்யலை. பிறவியிலேயே அப்படி."

"எங்க அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா டாக்டர்?" என்று கேட்டு, உன் கதையைச் சொன்னேன். உனக்குக் கொடுத்த மாத்திரையின் பேர் எனக்கு மறக்கவே இல்லை. அதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவங்களை டெஸ்ட் பண்ணாம உறுதியா சொல்ல முடியாதுங்க. ஆனா நீங்க கூடப் பொறந்தவங்க. அதே வகை மாத்திரைதான். அப்படி இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அவங்க பொய் சொல்லியிருக்க மாட்டாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் நின்று சத்தம் போட்டு அழுதேன், சிரித்தேன். ஆட்டோக்காரர் பயந்துபோய், "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "எங்கக்கா சொன்னது நெசம்ங்க!" என்றேன். பாவம், அவருக்கு என்ன புரிந்திருக்கும்?

ஆபரேஷன் முடிந்தது அக்கா. தோளை மரத்துப்போக வைத்த ஊசியின் வேகம் சாயங்காலம் விட்டதும் வலி கிளம்பியது, பல்லைக் கடித்தேன். டாக்டர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த வேறு மருந்தைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வலி அடங்கிவிட்டது. அடங்கியே விட்டது! மருந்து கேட்பது என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. உனக்கு அது ஒரு நாளாவது தெரிந்ததா?

போன வாரம் உன் வீட்டுக்காரர் என்னைப் பார்க்க ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப அவ நெசமாத்தான் துடிச்சிருக்கா."

"ஆமா மாமா."

"எங்கம்மாகிட்ட இதை நானே போய்ச் சொல்றேன்" என்று எழுந்தார். சொல்லியும்விட்டார். உன் மாமியார் உன் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாராம். என்ன சொன்னார் என்று மாமாவுக்குத் தெரியவில்லை. உனக்குக் கேட்டதா அக்கா?

உன் மகள் மீனா இப்போது மாசமாக இருக்கிறாள். திங்கட்கிழமை அவளையும் அதே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். முடிவு எப்படி வந்தாலும் சரி, பிரசவ நேரத்தில் அவள் பக்கத்தில் நான் நிற்பேன். அவள் வலிக்கிறது என்று சொன்னால், மருந்தை மாற்றும்வரை அந்த அறையை விட்டு நகர மாட்டேன். இது சத்தியம்.

உன் தங்கை,
மீனாவுக்குச் சித்தி,
தேவகி