இரண்டு பலகாரப் பெட்டிகளும் என் குடியுரிமையும்

அனுப்புநர்:
லுக் தி ஹியன் (வயது 43),
பன்றி இறைச்சி வெட்டும் தொழிலாளி,
11, நகாசே மூன்றாம் தெரு,
ஷிராகுரா நகர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
சட்ட விவகாரக் கிளை அலுவலகம்,
ஷிராகுரா நகர்.

பொருள்: ஜப்பானியக் குடியுரிமை கோரி நானும் என் மகளும் அளித்த விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுமாறு வாய்மொழியாகக் கூறப்பட்டது – அதை மறுப்பது – எழுத்துப்பூர்வ முடிவு கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. சென்ற ஆண்டு மே 22 அன்று தங்கள் அலுவலகம் ஏற்றுக்கொண்ட எங்கள் விண்ணப்பங்கள்.
2. இம்மாதம் 9ஆம் தேதி தங்கள் அலுவலர் என் முன் நகர்த்தி வைத்த, நான் கையெழுத்திடாத படிவம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வியட்நாமில் பிறந்தவள். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த நகரில், ஒரே இறைச்சிக் கூடத்தில் வேலை செய்து வருகிறேன். என் மகள் ட்ரா மி (வயது 17) இங்கேயே பிறந்தவள். என் தாய்மொழி அவளுக்குப் பாதிதான் புரியும். அவள் மாகாணக் காவல் துறையில் சேர விரும்புகிறாள். தேர்வு செப்டம்பர் மாதம் நடக்கிறது, குடியுரிமை இல்லாதவர்கள் அதை எழுத முடியாது. அவளுக்குப் பதினெட்டு வயது நிரம்பாததால் என் விண்ணப்பத்துடன் சேர்த்தே அவளுடைய விண்ணப்பமும் எடுத்துக்கொள்ளப்பட்டது. நான் விலகினால் அவளும் விழுவாள். இனி நான் எழுதப்போவது எல்லாம் இதற்காகத்தான் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. தாங்கள் கேட்ட ஆவணங்கள் அனைத்தையும் கொடுத்தேன். வரி ரசீதுகள், ஓய்வூதியச் சந்தாச் சான்று, சாலை விதிமீறல் இல்லை என்ற சான்று, என் பெற்றோரின் திருமணச் சான்று, ரயில் நிலையத்திலிருந்து என் வீட்டுக்கு வரும் வழியை நானே வரைந்த படம் ஆகியவை கோப்பில் உள்ளன. 'ஏன் ஜப்பானியராக விரும்புகிறேன்' என்று கைப்பட எழுத வேண்டிய தாளை மூன்று முறை திருத்தி எழுதினேன். அதில் ஒரு வரி இப்படி இருக்கும்: "இந்த ஊரில் சண்டை நடந்தால், தவறு யாருடையதாக இருந்தாலும், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கொடுத்ததற்காகப் பலகாரப் பெட்டியோடு போய் வணங்குகிறார்கள். அந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது." அந்த வரியைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. எங்கள் தெருவின் கீழே பனிக்கால்வாய் ஓடுவது தாங்கள் அறிந்ததே. இரும்பு மூடியைத் திறந்து பனியை உள்ளே தள்ளினால் தண்ணீர் அதை ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும். எல்லோரும் ஒரே நேரத்தில் தள்ளினால் அடைத்துக்கொண்டு கீழ்வீடுகளுக்குள் தண்ணீர் புகும். ஆகவேதான் முறை வைத்திருக்கிறார்கள். எங்கள் வரிசைக்குக் காலை ஆறிலிருந்து ஏழு வரை. தெருச் சரிவில் எங்களுக்கு மேல்வீட்டில் இருக்கும் திரு. இத்தாகாக்கி ஷோசோ (வயது 58) வரிசைக்கு ஏழிலிருந்து எட்டு வரை. ஜனவரி மாதத்தில் மட்டும் அவர் நான்கு முறை எங்கள் நேரத்தில் பனியைத் தள்ளினார். இரண்டு முறை என் சமையலறைக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நான் தெருச் சங்கத்தில் முறையிட்டேன். அதற்கு மறுநாள் என் சைக்கிளின் இரண்டு டயர்களும் கிழிக்கப்பட்டிருந்தன. யார் கிழித்தார் என்று நான் சொல்லவில்லை. பார்க்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

4. பார்த்ததைச் சொல்கிறேன். ஜனவரி 17, காலை ஆறு இருபது. எங்கள் வீட்டு முன்னால் உள்ள மூடியைத் திறந்து பனி தள்ளிக்கொண்டிருந்தேன். மேலிருந்து பெரும் பனிக்கட்டிகள் வந்து அடைத்துக்கொண்டன. நான் தலை நிமிர்ந்து, "இத்தாகாக்கி ஐயா, இது எங்க நேரம். கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றேன். அவர் இறங்கி வந்தார். வரும்போது சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்: "யாருகிட்ட நேரம் சொல்றே? பன்னி வெட்ட வந்தவ எனக்கு முறை சொல்லித் தர்றியா?"

5. அவரது கையில் பனி அள்ளும் இரும்பு மண்வாரி இருந்தது. முதல் அடி என் இடது தோளில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம், தினமும் கூடத்தில் கேட்பதுதான். என் எலும்பிலிருந்து அதைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. இரண்டாவது அடி தலையில் விழுந்தது, பதினோரு தையல். நான் விழுந்தபோது வலது கால் திறந்திருந்த கால்வாய்க்குள் போய்விட்டது. அவர் இரும்பு மூடியைத் தூக்கி என் கால் மேல் போட்டார். போட்டதோடு நிற்காமல் அதன் மேல் ஏறி நின்றார். கீழே ஓடும் தண்ணீர் காலை இழுத்துக்கொண்டிருந்தது. "போடி, ஆத்தோட போ" என்றார். என் மகள் பள்ளிச் சீருடையில் ஓடி வந்து அவர் முதுகைப் பிடித்து இழுத்தாள். அவர் பின்கையால் அவள் வாயில் அறைந்தார். அவளுடைய கீழுதடு கிழிந்தது. சிந்திய இரத்தம் பனியில் நன்றாகவே தெரிந்தது, எதிர்வீட்டு ஜன்னல்களில் நின்றவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

6. அப்போது நான் அவரை அடித்தேன். இதை ஒருபோதும் மறைத்ததில்லை. என் மகளை அறைந்த கையிலிருந்து மண்வாரி நழுவியது. கிடந்தபடியே வலது கையால் அதை எடுத்து அவரது வலது முழங்காலில் ஒரே ஒரு அடி அடித்தேன். ஐயா, எந்த இடத்தில் வெட்டினால் மூட்டு கழன்று கையோடு வரும் என்பதை அறிந்து சம்பளம் வாங்குபவள் நான். ஒரு நாளைக்கு முந்நூறு தோள்களைப் பிளக்கிறேன். மண்வாரியின் கூரான விளிம்பு என் பக்கம் இருந்தது, அதைத் திருப்பிப் பின்பக்கத்தால் அடித்தேன். அந்த அரை நொடியில், அவளை அறையத் திரும்பிக் குனிந்திருந்த அவரது கழுத்து எவ்வளவு அருகில் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். இன்றும் கூடத்தில் கத்தியைத் தீட்டும்போது அந்தக் கழுத்து நினைவுக்கு வருகிறது. இதை மனுவில் எழுதாதே என்று மகள் கெஞ்சினாள். எழுதுகிறேன், ஏனென்றால் நினைவுக்கு வந்தும் நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. நன்னடத்தை வேறு எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

7. இத்தாகாக்கி சரிந்ததும் என் மகள் மூடியை நகர்த்தி என் காலை வெளியே எடுத்தாள். காவலர் வந்தார். என் மகள் கிழிந்த உதட்டோடு நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாக, நேரத்தோடு சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு, "ரெண்டு பேரும் அடிச்சிருக்கீங்க. சண்டைன்னா ரெண்டு பக்கமும் தப்புதாம்மா" என்றார். என் மகள், "அண்ணா, மூடிக்கு அடியில கால் இருந்தது ஒரு பக்கம்தான்" என்றாள். அவர் அதையும் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது.

8. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தேன். வீடு திரும்பியதும் ஊன்றுகோலில் தெருமுனைக்குப் போய், திருமதி சகுமாவின் கடையில் பன்னிரண்டு பயறு இனிப்புகள் அடங்கிய பெட்டிகள் எட்டு வாங்கினேன். "எட்டாவது யாருக்கு?" என்று அவர் கேட்டார். இத்தாகாக்கி ஐயாவுக்கு என்றேன். "உனக்கு மண்டையில அடி பலமா விழுந்துடுச்சு ஹியன்" என்று சொல்லி, கட்டும் தாளுக்குக் காசு வாங்கவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, காலை நேரத்தில் தெருவையே கலவரப்படுத்தியதற்கு மன்னிக்க வேண்டும் என்று வணங்கினேன். எட்டாவது வாசலிலும் அதே சொற்கள், அதே வணக்கம். அவர் முழங்காலில் கட்டோடு நின்று, "வச்சிட்டுப் போ" என்றார். எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகப் போயிற்று.

9. ஜனவரி 30, செவ்வாய்க்கிழமை, திரு. இத்தாகாக்கி தம் வழக்கறிஞருடன் வந்து ஒரு பலகாரப் பெட்டி கொடுத்தார். அதே கடை, அதே பன்னிரண்டு இனிப்புகள். நான் வாங்கிக்கொண்டு தலை வணங்கினேன். அவர்கள் போனதும் மகள், "அம்மா, இதைக் குப்பையில போட்டுடறேன்" என்றாள். எரிக்கும் குப்பையை எடுக்க வெள்ளிக்கிழமைதான் வருவார்கள் என்றேன். அதுவரை அந்தப் பெட்டி காலணி அலமாரியின் மேலேயே இருந்தது.

10. மார்ச் 14 அன்று அரசு வழக்குத் துறையிலிருந்து எனக்கு அறிவிப்பு வந்தது. இருவர் மீதும் வழக்குத் தொடர்வதில்லை என்று முடிவாம். அவரைப் பொறுத்தவரை சொல்லப்பட்ட காரணம்: பலகாரத்துடன் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டு மனம் வருந்தியுள்ளார், பாதிக்கப்பட்டவரும் அதை ஏற்றுக்கொண்டார். சரி என்று விட்டுவிட்டேன். கோபம் வந்தது, ஆனால் விட்டுவிட்டேன்.

11. இம்மாதம் 9ஆம் தேதி தங்கள் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டேன். தங்கள் அலுவலர் மரியாதையாகவே பேசினார். ஆனால் அவர் முன்னிருந்த தாளில், நான் எட்டு வீடுகளுக்கும் பலகாரத்துடன் சென்று மன்னிப்புக் கேட்டதன் மூலம் தாக்கியதை ஒப்புக்கொண்டேன் என்று எழுதியிருந்தது. அவர் கேட்டார்: "தப்பு உங்க மேல இல்லைன்னா எதுக்கும்மா மன்னிப்புக் கேட்டீங்க?" பிறகு படிவத்தை நகர்த்தி வைத்து, "இப்ப நீங்களே வாபஸ் வாங்கிட்டு அஞ்சு வருஷம் அமைதியா இருந்துட்டு வாங்க. நிராகரிச்சதா பதிவு விழாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். ஐந்து வருடத்தில் என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தேர்வுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். உதட்டுத் தழும்பு இன்னும் போகவில்லை.

12. ஐயா, ஒரே கடைப் பெட்டி. அவர் கொடுத்தால் அது நல்ல மனம், நான் கொடுத்தால் அது வாக்குமூலம். பத்தொன்பது வருடம் நான் இந்த ஊரில் கற்றுக்கொண்டதில் மிகவும் கடினமானது என்னை அடித்தவன் வாசலில் போய் நின்று முதுகை வளைப்பதுதான். எலும்பு கூடியிராத தோளோடு அதைச் செய்தேன். வெளிநாட்டுக்காரியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன், வழக்குப் போட்டிருப்பேன். நான் செய்தது தவறு என்றால் அது இந்த ஊர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய தவறு. அதற்காகவே என்னை இந்த ஊர்க்காரி அல்ல என்று எப்படிச் சொல்வீர்கள்?

13. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது:
நான் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற மாட்டேன். தருவதானாலும் மறுப்பதானாலும் தங்கள் முடிவு எழுத்தில், ஆகஸ்ட் மாதத்துக்குள் எனக்கு வேண்டும். இரண்டு பெட்டிகளையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும். என்னைப் பற்றி விசாரிக்க எங்கள் தெருவுக்கு அலுவலரை அனுப்ப வேண்டும், ஜன்னலில் நின்று பார்த்த ஏழு வீட்டாரையும் கேட்க வேண்டும். என் மகள் யாரையும் அடிக்கவில்லை, அவளுடைய விண்ணப்பத்துக்கு என் முழங்கால் அடி தடையாக இருக்கக் கூடாது. இந்த மனுவை, நான் கைப்பட எழுதிய அந்தக் காரணத் தாளோடு சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும்.

பனி ஓய்ந்து நிதியாண்டுத் தொடக்க வேலைகள் மிகுந்திருக்கும் இந்த நேரத்தில், நீண்ட கடிதத்தால் தங்கள் பொழுதை எடுத்துக்கொண்டதற்கு என்னை மன்னிக்க வேண்டுகிறேன்.

மேற்கண்ட மன்னிப்பைக் குற்ற ஒப்புதலாகக் கோப்பில் பதிய வேண்டாமெனவும் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஷிராகுரா
நாள்: 15.04.2024

இங்ஙனம்,
(கையெழுத்து, முத்திரை)
லுக் தி ஹியன்

இணைப்பு: 1. மருத்துவச் சான்றுகள் – இரண்டு (என்னுடையதும் மகளுடையதும்).
2. அரசு வழக்குத் துறை அறிவிப்பின் நகல்.
3. நிரப்பப்படாத திரும்பப் பெறும் படிவம் – அசல்.