குடையோடு போனவர்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போனது. எழுதி, அடித்து, இப்போது வேறு தாள் எடுத்திருக்கிறேன். நீ போனை எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து அதுவே ஓய்ந்துபோகிறது. அதனால்தான் கடிதம். இதை நடுவில் துண்டிக்க உன்னால் முடியாது பார். கிழித்துப் போடலாம். அதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

முதலில் உன் மகள். நன்றாக இருக்கிறாள், எடை ஏறியிருக்கிறாள். மூக்கு உன்னுடையது, பாவம். வாய் மட்டும் அவள் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறது. பசி வந்தால் தெருக்கோடி வரை கேட்கும். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "என்னங்க, உங்க வீட்ல தினமும் மாநாடா?" என்று கேட்டுவிட்டு, அவளைக் கொஞ்ச நேரம் தோளில் போட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். உன் மாமா பால் கலக்குகிற அழகை நீ பார்க்க வேண்டும். கெமிஸ்ட்ரி வாத்தியார் அல்லவா? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புட்டியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கோட்டுக்குச் சரியாகத் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார். அதற்குள் அவள் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்த கையோடு அழுகையும் வந்துவிடும்.

இன்னும் பெயர் வைக்கவில்லை. பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்.

போன வாரம் நீ அனுப்பியது ஒரே ஒரு செய்தி. "குழந்தையை நீங்களே வெச்சுக்குங்க அக்கா. எனக்கு அவளைப் பாக்கத் தெம்பு இல்ல." உன் மாமா அதைப் படித்துவிட்டுப் போய்ப் புட்டியைக் கழுவினார். கழுவிய புட்டியையே மறுபடியும் கழுவினார். உனக்குத் தெரியாததா? ஒரு குழந்தைக்காக நாங்கள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. ஊரார் பிள்ளைகள் பிறக்கும்போதெல்லாம் தலைமாட்டில் நிற்கிறவள் நான், என் வீட்டுக்கு ஒன்று வரவில்லை. அதனால் இவளை வைத்துக்கொள்ள எனக்கு ஆசையில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கொள்ளை ஆசை இருக்கிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது. பெற்றவன் ஒரு தடவைகூடத் தூக்காத பிள்ளையை நான் எடுத்து வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வளர்ப்பு இல்லைடா, திருட்டு.

நீ கிளம்பும்போது வாசலில் நின்று என்னை ஒன்று கேட்டாய். "நீ இருந்துமா அக்கா?" அவ்வளவுதான் கேட்டாய். வண்டி வந்துவிட்டது, நீ ஏறிவிட்டாய். நான் பதில் சொல்வதற்குள் அது கிளம்பிவிட்டது. அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

சொந்தக்காரர்களுக்கு நாமே மயக்க மருந்து கொடுப்பதில்லை என்பது டாக்டர்களாகிய எங்களுக்குள் இருக்கிற வழக்கம். கை நடுங்கிவிடும் என்பார்கள். நான் வேறொரு மயக்க டாக்டரைத்தான் ஏற்பாடு செய்திருந்தேன். குழந்தை தலை திரும்பாமல் உட்கார்ந்திருந்தது, ஆபரேஷன் என்று முன்பே முடிவானதுதானே. நீ லீவு போட்டு வருவதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. வாயும் வயிறுமாக நின்ற உன் பெண்டாட்டி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணி தலைமாட்டுல இல்லைன்னா நான் அந்த மேஜையில ஏறவே மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். அந்த வாயாடியிடம் யார் ஜெயித்தார்கள்? நீ ஜெயித்திருக்கிறாயா? கடைசியில் அந்த டாக்டரும் நானும் சேர்ந்தே நிற்பது என்று முடிவு செய்தோம்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தோம். ஆள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது என் பழக்கம். மருந்து பாதி, பேச்சு பாதி என்று நர்சுகள் என்னைக் கேலி செய்வார்கள். வீட்டுக்காரரைப் பற்றி ஏதாவது சொல்லு என்பேன். பயத்தில் வெடவெடத்துக்கொண்டிருக்கிற பெண்கூட, வீட்டுக்காரரைக் குறை சொல்லச் சொன்னால் நடுக்கத்தை மறந்துவிடுவாள். சில சமயம் நடுவில் முழு மயக்கம் கொடுக்க வேண்டிவரும், கதை பாதியில் நின்றுவிடும். அந்தப் பாதியை நான் பத்திரமாக மனதில் வைத்திருப்பேன். அவள் கண் விழித்ததும் என் முதல் கேள்வி, "அப்புறம் என்னாச்சு? மீதியைச் சொல்லு." குளறிக் குளறியாவது சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகுதான், ஆள் முழுசாகத் திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்கு மூச்சு வரும்.

உன் பெண்டாட்டியை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மேஜையில் படுத்ததிலிருந்து உன் கதைதான். கல்யாணமான புதிதில் உங்களுக்குள் வந்த முதல் சண்டையைச் சொன்னாள். நீ கோபித்துக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாயாம். "போறதுதான் போறாரு, மறக்காம குடையை எடுத்துட்டுப் போறாரு பாருங்க அண்ணி! எனக்கு அதுலயே பாதி கோவம் போயிடுச்சு" என்றாள். நானும் சிரித்தேன், அவளும் சிரித்தாள். "டாக்டர், அவளைச் சிரிக்க வைக்காதீங்க, இங்க வயிறு குலுங்குது" என்று ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா சத்தம் போட்டார்.

அதற்குள் உன் மகள் வெளியே வந்து தன் பங்குக்குக் கத்தினாள். துடைத்து, அவள் கன்னத்தோடு கன்னமாக வைத்தேன். முத்தம் கொடுத்தாள். "ஐயோ, அவரு மூக்கு" என்றாள். நன்றாகப் பார்த்துவிட்டாள்டா. அந்த ஒன்றையாவது நமக்கு விட்டு வைத்தது விதி. குழந்தையை நர்ஸ் வாங்கிக்கொண்டு போனதும், விட்ட இடத்தில் கதையைப் பிடித்தாள். "குடையோட போனவரு தொப்பலா நனைஞ்சு வந்தாரு அண்ணி. கையில குடையைக் காணோம். குடை எங்கன்னு கேட்டா..."

அதோடு நின்றது. "அண்ணி, மூச்சு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். உதட்டில் நீலம் பாய்ந்தது.

குழந்தையைச் சுற்றியிருந்த நீர் சில பேருக்கு ரத்தத்தில் கலந்துவிடுகிறது. யாருக்குக் கலக்கும், ஏன் கலக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. மூச்சு விழும், இதயம் நிற்கும், அதற்குப் பிறகு ரத்தம் உறைய மறந்துவிடும். அவளுக்கு மூன்றும் நடந்தது. மூச்சுக்குக் குழாய் போட்டோம். நெஞ்சை அழுத்தி இதயத்தை ஓட வைத்தோம். போகிற ரத்தத்துக்கு ஈடாக ஏற்றிக்கொண்டே இருந்தோம். வாசல் காவலாளி உட்பட எல்லோரும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். என் கை நடுங்கவில்லை தம்பி, ஒரு நொடிகூட நடுங்கவில்லை. பிறகு பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக என்னைக் கேட்டார்கள். எங்கேயும் தவறவில்லை என்றார்கள். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. எங்கேயாவது ஒரு தப்பு கிடைத்திருந்தால் அதைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். கட்டிக்கொள்ள ஒன்றுமே இல்லை. நான் இருந்தும்தான் போனாள். அதுதான் பதில்.

நீ முன்னாடியே வந்திருந்தாலும் போயிருப்பாள். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாசலில் நீ என்னைக் கேட்டபோது உன் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கேள்வியை உன்னையும்தான் கேட்டுக்கொண்டிருந்தாய்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் மெஷினோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்த நாட்களில், டியூட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ முதலில் கதவைத் திறந்து வந்தபோது நான் அவள் காதில் குனிந்து பேசிக்கொண்டிருந்தேன். "குடை எங்கன்னு கேட்டா என்னடி சொன்னான்? பாதியில விட்டுட்டுத் தூங்கினா எப்படி? மீதியைச் சொல்லு." உன் காதில் விழுந்துவிட்டது. "அவ உயிருக்குப் போராடிட்டு இருக்கா, நீ என்ன குடை கிடைன்னு விளையாடிட்டு இருக்க?" என்று கத்தினாய். நர்ஸ் உன் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள். அதற்குப் பிறகு, அந்த வாசல் கேள்வியைத் தவிர, நீ என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

விளையாடவில்லைடா. அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மருந்து எல்லாம் கொடுத்தாகிவிட்டது. எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அவள் போன அன்று காலையிலும் கேட்டேன். எல்லோரும் சொல்லி முடித்திருக்கிறார்கள், அவள் மட்டும் முடிக்கவில்லை.

இரண்டு நாளாக வேலைக்குப் போகிறேன். நேற்று ஒரு பெண் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாள். வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஏதாவது பேசுங்க டாக்டர், பயமா இருக்கு" என்று அவளே கேட்டாள். மழை வரும் போலிருக்கிறது என்றேன். இத்தனை வருஷம் பேசியே காலம் தள்ளியவளுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. நல்லபடியாகப் பிறந்தது, ஆண் குழந்தை. நான் உடை மாற்றுகிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான் உன்னைக் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். பாப்பாவை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லவில்லை. இங்கேயே விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. அதை நீ அவளைத் தூக்கிப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், என் நெஞ்சு என்ன பாடு பட்டாலும் சரி. ஆனால் வா. ஒரு தடவை வந்து தூக்கு.

பால் கொடுக்கும்போதெல்லாம் அவளுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன். அவள் அம்மாவின் வார்த்தையிலேயே சொல்கிறேன், ஒன்றும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. "குடை எங்கன்னு கேட்டா" என்ற இடத்தில் எனக்கு நின்றுவிடுகிறது. அவள் புட்டியை விட்டுவிட்டு என் வாயையே பார்க்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல? நனைந்துகொண்டு நின்ற யாருக்காவது கொடுத்திருப்பாய் என்கிறார் உன் மாமா, உன்மேல் அவருக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம். உன்னைத் தெரிந்தவள் நான், பஸ்ஸில் மறந்துவிட்டு வந்திருப்பாய் என்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தெரிந்தவள் போய்விட்டாள். இனி அந்த மீதி உன் ஒருவனிடம்தான் இருக்கிறது, அதைக் கேட்க வேண்டியவள் இங்கே என் மடியில் இருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. பாலத்து வேலையில் உயரத்தில் ஏறும்போது கவனமாக இரு, உனக்கு ஒரு பெண் இருக்கிறாள். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

நேற்று நான் சொன்ன மழை இன்று வந்தேவிட்டது, விடாமல் பெய்கிறது. குடை இல்லாமல், தொப்பலாக நனைந்துகொண்டு வந்தாலும் பரவாயில்லை. சின்ன வயதில் உன் தலையைத் துவட்டிவிட்ட கை இன்னும் இங்கேதான் இருக்கிறது.

வழி பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அக்கா, உன் மகளின் அத்தை.