பின்னறைச் சுவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று யோசிப்பாய். எங்கள் மேட்டில் சிக்னல் கிடையாது, கீழே பஸ் நிறுத்தத்துக்கு இறங்கினால்தான் பேச்சு, அங்கே அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு என் தோளோடு ஒட்டி நிற்பார். இருக்கிற ஒரே போனும் அவர் சட்டைப் பையில். இன்று ஆணி வாங்க வேண்டும் என்று காலையிலேயே இறங்கிப் போனார், அந்த இடைவெளியில் எழுதுகிறேன். வீடு கட்டும்போது நமக்கு வேலை பார்த்த கொத்தனாரின் சம்சாரம், பால் கொண்டுவருகிறவள், இதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

வீடு உனக்குப் போட்டோவில் தெரிந்த மாதிரியேதான் இருக்கிறது. சோலார் தகடுகள் வேலை செய்கின்றன, மிக்சியை மட்டும் நல்ல வெயிலில் ஓட்டிக்கொள்ள வேண்டும். பஸ் பட்டறையில் முப்பத்தொரு வருடம் கிடந்த மனுஷன் தன் கையால் வீடு கட்டினால் பஸ்ஸை விடுவாரா, முன்னறையில் பஸ் சீட்டு, கூரை வெளிச்சத்துக்குப் பஸ்ஸின் முன்கண்ணாடி, மேட்டை ஒட்டிய பின்சுவர் முழுக்கப் பழைய டயர். ஒரு டயருக்கு மூன்று தள்ளுவண்டி மண் கொட்டிச் சம்மட்டியால் இடித்தோம், என் வலது தோள் இன்னும் சரியாகவில்லை. ஓடாத பஸ் என்று நான் கேலி செய்வேன், இப்போது அது ஓட ஆரம்பித்துவிட்டதோ என்று இருக்கிறது.

பின்னறை உனக்கென்று கட்டியது. பக்கச் சுவரில் பச்சையும் பழுப்புமாகப் பாட்டில் பதித்து, சாயங்கால வெளிச்சம் உன் மேஜையில் விழுகிற மாதிரி வைத்தார். போன மாதம் மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்த பிறகு, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அதில் ஒரு பாட்டில் யாரும் தொடாமலே டொக்கென்று விரிசல் விட்டது. கண்ணாடி என்றால் விரியாதா என்றார் அப்பா. அந்த வாரமே இன்னும் இரண்டு. பிறகு கதவு பிடித்தது, இழைத்துவிட்டார். மறுபடி பிடித்தது, மறுபடி இழைத்தார். கதவு இளைத்துக்கொண்டே வருகிறதே தவிர நிலை சரியாகவில்லை. தொட்டி மூடி மாட்ட வந்த கொத்தனார் பின்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், "அக்கா, சுவருக்குப் பின்னாடி ஜல்லி போட்டுத் தண்ணி இறங்க வழி விடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், அண்ணன் அந்த ஜல்லியை எடுத்துக் குளியலறைக்குப் போட்டுட்டார். இப்போ சுவர் தண்ணி குடிக்குது. கீழே கசிவு வந்தா பாருங்க, தெளிவா வந்தாப் பரவாயில்ல, கலங்கி வந்தா உள்ளே மண் கரையுதுன்னு அர்த்தம். அப்புறம் நான் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேன்." அப்பாவிடம் சொன்னேன். சிமெண்டுக்காரனுக்கு மண் வீடு என்றாலே இளக்காரம் என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை கூட்டுவதற்காக அந்த அறை பீரோவை நகர்த்தினேன். பின்னால் தரையிலிருந்து என் தலைக்கு மேல் வரை ஒரு வெடிப்பு, என் விரல் நுழைகிறது. இரண்டு பஸ் ஜாக்கியும் பலகையும் வைத்து முட்டுக் கொடுத்திருந்தது. வெடிப்பின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு, ஒவ்வொன்றுக்கும் தேதி, எல்லாம் உன் அப்பா கையெழுத்து. முதல் தேதி ஏழு வாரத்துக்கு முந்தியது, பாட்டில் விரிவதற்கும் முன்னால். அவருக்குத் தெரியும் மகளே. தெரிந்துதான் பீரோவை அங்கே தள்ளி வைத்திருக்கிறார்.

கேட்டேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயம். கட்டிலில் உட்கார்ந்து, "அவ வந்து இருக்கேன்னு சொன்ன ரூம். இதைக் காப்பாத்த முடியலைன்னு அவகிட்ட எந்த வாயால சொல்லுவேன்?" என்றார். அன்றிலிருந்து தன் படுக்கையை அங்கே மாற்றிக்கொண்டார், சத்தம் வந்தால் முதலில் தனக்குத்தான் கேட்க வேண்டுமாம். மழை முடிகிறவரை சித்தி வீட்டுக்குப் போகலாம் என்று கெஞ்சினேன், நீ போ என்கிறார். கோபத்தில் நானும் தலையணையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கே போனேன், அப்போதாவது எழுந்து வருவார் என்று பார்த்தால், மனுஷன் நகர்ந்து இடம்தான் விட்டார்.

இன்று காலை சுவரடியில் தண்ணீர். கலங்கித்தான் வருகிறது. திங்கள் முதல் கனமழை என்று ரேடியோவில் சொல்கிறார்கள்.

அதனால் ஞாயிறன்று நீ ஒன்று செய்ய வேண்டும். அந்த அறை எனக்கு வேண்டாம் அப்பா, நாங்கள் இனி அங்கே வரப்போவதில்லை என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல். பார்க்கலாம்பா என்று மட்டும் இழுக்காதே, நீ விளையாட்டாகச் சொன்ன ஒரு 'வந்துடறேன்'னை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் டயர் இடித்தவர் அவர், ஒரு 'பார்க்கலாம்' கிடைத்தால் அந்தச் சுவரைத் தோளால் தாங்கிக்கொண்டு நிற்பார். நீ சொல்லிவிட்டால் அவருக்கு அங்கே காவல் காக்க ஒன்றும் இல்லை, கையைப் பிடித்து நான் இறக்கிக்கொண்டு வந்துவிடுவேன். நீ சொல்வது பொய்யாக இருந்தால் அந்தப் பாவம் என் தலையில் போகட்டும். உண்மையாக இருந்தால், இத்தனை நாள் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை இப்போது சொல்லிவிடு. இரண்டில் எது என்று நான் கேட்கமாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் சேர்ந்து வாழ வேண்டும். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. ஞாயிறு மாலை ஆறு மணி, மறந்துவிடாதே. வாசலில் இருமல் கேட்கிறது, வந்துவிட்டார். ஆணிக்கென்று போனவர் தோளில் இன்னும் இரண்டு ஜாக்கியைச் சுமந்துகொண்டு வருகிறார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா