கடை திறந்துதான் இருந்தது, அக்கா

என் பிரியமான மேரி அக்காவுக்கு,

உன் தம்பி சேகர் எழுதுகிறேன். கூடப் பிறந்தவன் இல்லை. காரில் ஆட்களை ஏற்றி வந்து உன் கடை வாசலில் இறக்கிவிட்டவன். போன ஐப்பசியில் உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைக்கு வந்தேன். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். நாலு பேர் படிக்க எழுதினாலாவது எனக்கு வெட்கம் வருமா என்று பார்க்கிறேன்.

சென்னையிலிருந்து பாண்டிக்குப் போகிறவர்கள் மரக்காணம் உப்பளம் கண்ணில் பட்டதும் கேட்பார்கள்: "டிரைவர், இங்க நல்ல மீன் சாப்பாடு எங்க கெடைக்கும்?" பல வருஷம் என்னிடம் ஒரே பதில்தான். உப்பளத்தைத் தாண்டி ஓர் ஓலைக் கொட்டகை, நாலு மேஜை, நீ. பச்சை மீனைத் தட்டோடு கொண்டுவந்து செவுளைத் தூக்கிக் காட்டுவாய். "செவப்பா இருக்குதா, பாத்துக்குங்க சார். அப்புறம்தான் சட்டில போடுவேன்." அவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும் எனக்குத் தனிக் கிண்ணத்தில் மீன்தலை வரும். தலை டிரைவருக்குத்தான், எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும் கொடுக்க மாட்டாய்.

அந்தச் சித்திரை நினைவிருக்கிறதா? ஒரு குடும்பம் வழியெல்லாம் வஞ்சிரம் வஞ்சிரம் என்று பேசிக்கொண்டு வந்தது. நானும் சும்மா இல்லாமல் உன்னைப் பற்றி அளந்துவிட்டிருந்தேன். நீயோ, "தடைக்காலம் சார், பெரிய போட்டு எதுவும் கடலுக்குப் போகல. காரப்பொடி மீனு இருக்குது, சாப்புடறீங்களா?" என்றாய். முள்ளு மீனா என்று அந்த அம்மா முகத்தைச் சுளித்தாள்.

உன்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டேன். "ஐஸ்ல வெச்ச வஞ்சிரத்த வாங்கிப் போட்டா இன்னாக்கா? அவங்களுக்கு எங்க தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமேடா" என்றாய்.

எனக்குச் சுருக்கென்றது. சவாரிக்காரர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்று கோபம். அவர்களைக் கோட்டக்குப்பம் பக்கம் ஒரு ஏசி ஓட்டலுக்குக் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு எல்லோரையும் அங்கேதான். எந்த மாதம் போனாலும் அங்கே எல்லா மீனும் இருக்கும். தடைக்காலத்தில் எப்படிக் கிடைக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. கேட்காமலே தெரியும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை அக்கா. போன தையில் செய்ததுதான் நெஞ்சை அறுக்கிறது. ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். "தம்பி, உப்பளம் தாண்டி ஒரு அம்மா கடை இருக்குமே, செவுளத் தூக்கிக் காட்டுவாங்களே, அங்க நிறுத்துங்க" என்றார். அப்போது எனக்குக் கோபமெல்லாம் ஆறியிருந்தது. ஆனால் ஒன்பது மாதம் எட்டிப் பார்க்காதவன் எந்த மூஞ்சியோடு உன் முன்னால் வந்து நிற்பது?

"அத மூடிட்டாங்க சார்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, உன் கொட்டகை வந்துவிட்டது. அடுப்புப் புகை வெளியே வந்துகொண்டிருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த நீ என் வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கினாய். நான் வேகத்தைக் கூட்டினேன். பெரியவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

உன்னை நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? பார்த்தும் நிற்கவில்லை என்று புரிந்துகொண்டாயா?

இந்தத் தையில் மாமா கடையை மறுபடி திறந்திருக்கிறார். போன சனிக்கிழமை சவாரி இல்லாமல் தனியாகப் போனேன். "வாடா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார். "ஒன் வண்டி நிக்காம போனா, ஒங்கக்கா 'அவசர சவாரி போல, திரும்பி வர்றப்ப வருவான்'னு சொல்லி மீன்தலைய எடுத்து வெச்சிடுவா. சாயங்காலம் நான்தான் துன்னுவேன்."

"அவசரம் இல்ல மாமா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு தலையைக் கிண்ணத்தில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பாவி நான், அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

நேற்று அந்தப் பெரியவருக்குப் போன் போட்டேன். "சார், அந்தக் கடை அன்னிக்குத் திறந்துதான் இருந்துது. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்பா, பொகை வந்துதே" என்றார். "போவட்டும் விடு. அந்தம்மா நல்லா இருக்காங்களா?"



இனி நல்ல மீன் எங்கே என்று யார் கேட்டாலும் நம் வாசலில்தான் வண்டி நிற்கும். இன்று காரப்பொடிதான் என்று மாமா சொன்னால், முகம் சுளிக்கிறவர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன். யாரும் இல்லாமல் வெறும் வண்டியோடு போனாலும், நிறுத்தி இறங்காமல் அந்த இடத்தைத் தாண்ட மாட்டேன். இது சத்தியம்.

நீ கையைத் தூக்கியும் நிற்காமல் போன உன் தம்பி,
சேகர்