முன்னால போன கால்

தோட்டவெளி,
மன்னார்.
08.11.2025

அன்பு மகன் டிலோஜனுக்கு அம்மா எழுதிறது. மடுமாதா துணையால நானும் அப்பாவும் சுகமா இருக்கிறம். அந்தக் குளிரும் இரவு வேலையும் உன்னை வாட்டாமல் மாதா பாத்துக்கொள்ளவேணும் எண்டு ஒவ்வொரு செபமாலையிலயும் கேக்கிறன். இங்க மழை துவங்கிட்டுது, அப்பா கடலுக்குப் போகேல்ல, வீட்டில இருக்கிற எரிச்சலை என்னிலதான் காட்டிறார். போனில சொல்லேலாத ஒரு விசயம் இருக்கு மகன், சொல்ல வெளிக்கிட்டா அழுதிடுவன் எண்டுதான் எழுதிறன். பயப்பிடாமல் வாசி, எல்லாரும் நல்லா இருக்கினம்.

போன மாசம் அடம்பனில தங்கச்சி நிறஞ்சலா மாடு தேடி வயலுக்குப் பின்னால பத்தைக்குள்ள போயிருக்கிறாள், அதுவும் ஏழு மாத வயித்தோட. மழை மண்ணை அரிச்ச இடத்தில, காலுக்கு முன்னால ஒரு மிதிவெடி. திரும்பிப் பாத்தா பின்னாலயும் ஒண்டு. அப்பிடியே நிண்டு கத்தியிருக்கிறாள். மருமகன் ஓடிப்போக, வரவேண்டாம் எண்டு குளறினாளாம். வெடி எடுக்கிற ஆக்களுக்குப் போன் பண்ணினா அவை தூரத்தில, வரச் சுணங்கும் எண்டிச்சினம். அவளுக்கோ கால் நடுங்கத் துவங்கிட்டுது. அந்த நேரம் மன்னாரில இருந்து ஓட்டோவில ஆள் ஏத்தி வந்த பைசர் எண்ட ஒருத்தர் சத்தம் கேட்டு இறங்கி வந்திருக்கிறார். ஆமியில இருக்கேக்க ஒரு கால் போனவர், பிறகு கொஞ்சக் காலம் வெடி எடுக்கிற வேலையும் செய்தவராம். ஒரு கத்தியை வாங்கி, நெஞ்சு மண்ணில பட ஊர்ந்து, மண்ணைச் சரிவாக் குத்திக் குத்திப் பாத்து அவளிட்டப் போனவர். திரும்பேக்க, தங்கச்சி, நான் வைச்ச இடத்தில மட்டும் கால் வையுங்கோ, முன்னால போறது பிளாஸ்டிக் கால், போனா இன்னொண்டு வாங்கலாம் எண்டாராம். அந்தப் பயத்துக்குள்ளயும் தனக்குச் சிரிப்பு வந்தது எண்டு சொல்லுறாள்.

கமக்காரர் சங்கம் அவருக்குப் பொன்னாடை போடவேணும் எண்டிச்சு. சண்டையில செத்த எங்கட பிள்ளையள நினைக்கிற கார்த்திகை வருகுது, இப்பவோ ஆமிக்காரனுக்குப் பொன்னாடை எண்டு சிலர் எழும்பிட்டினம். அவையிலயும் பிழை சொல்ல எனக்கு வாய் வரேல்ல, உன்ர யூட் அண்ணா இயக்கத்தில இருந்து செத்ததும் அடம்பன் சண்டையிலதானே. அடுத்தநாள் அப்பா நல்ல பாரை மீனா ரெண்டு வாங்கிக்கொண்டு, வாரும் அந்தப் பைசர் பிள்ளையின்ர வீட்ட போவம் எண்டார்.

பைசரும் மனுசி ரிஸ்னாவும் கதிரை போட்டு மரியாதையா இருத்திச்சினம். தொண்ணூறில எங்கட இயக்கப் பெடியள் மன்னாரை விட்டு வெளிக்கிடச் சொன்ன முஸ்லிம் சனத்தில அவரும் ஒருத்தர், சின்னப் பிள்ளையாப் போய் புத்தளத்தில அகதிக் கொட்டிலில வளர்ந்தவர். கால் எங்க போனது எண்டு அப்பா கேட்டார். அடம்பனில, ரெண்டாயிரத்து எட்டில எண்டு அவர் சொன்னார். அப்பா மெதுவா, எங்கட மூத்தவனும் அங்கதான், அதே வருசம், மற்றப் பக்கம் எண்டார். ரிஸ்னா தேத்தண்ணியை வைக்காமல் கையில பிடிச்சபடி நிண்டாள். பைசர், ஐயா, என்ர துவக்கால இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது, தெரியாமத்தான் நானும் நித்திரை கொள்ளுறன் எண்டார். அப்பா எழும்பினார். போகப்போறார் எண்டு நானும் எழும்ப, அவர் கிட்டப் போய்த் தோளில கை வைச்சு, தம்பி, நிறஞ்சலா அந்த இடத்தில நிண்டதை யூட் கண்டிருந்தா அவனும் படுத்து ஊர்ந்துதான் போயிருப்பான் எண்டார். பிறகு ரெண்டு பேரும் அழுதிச்சினம். பதினேழு வருசத்தில அப்பா அழுததை நான் அண்டைக்குத்தான் கண்டன் மகன்.

அண்ணாவுக்குக் கல்லறை இல்லாததால மரித்த ஆத்துமாக்கள் நாளில நாங்கள் சேமக்காலைப் பெரிய சிலுவையடியில மெழுகுதிரி கொளுத்திறது உனக்குத் தெரியும். இந்தமுறை பைசர் தொப்பி போட்டபடி வாசலில வந்து நிண்டார். உள்ள வரலாமோ எண்டு கேட்டார். சனம் பாத்தது. அப்பா ஒருத்தரையும் பாக்கேல்ல, பக்கத்தில இடம் விட்டு நகந்து நிண்டார். நாங்கள் எங்கட செபத்தைச் சொல்ல, அவர் ரெண்டு கையையும் ஏந்தித் தன்ர துஆவை ஓதினார். முடிய என்னட்ட, பிள்ளையின்ர முழுப்பேர் என்ன அம்மா எண்டு கேட்டார். சொன்னன். இனி ஒவ்வொரு வெள்ளியும் ஓதுவன் எண்டார்.

ஏன் பத்தைக்குள்ள போனனி எண்டு நிறஞ்சலாவை ஏசாதே மகன், பாவம் அவள். நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறுப் பூசையை விடாதே. பைசர் அண்ணாவோட ஒருக்காக் கதை, நன்றி எண்டு நீட்டாதே, கூச்சப்படுவார், சுகம் கேட்டாக் காணும். ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும், ஒரு நாளும் துவக்குத் தூக்காத கையும் தரவேணும்.

உன்ர அன்பு அம்மா,
பே. செலீனா