கருப்பசாமிக் கல்லின் பின்பக்கம்

21-3-1999, ஞாயிறு இரவு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், எங்கள் அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள்.

கருப்பசாமிக் கல்லை உடைத்தது கல்லுடைக்கிற மாரியப்ப மாமா இல்லை. பாறை ஆராய்ச்சிக்கு வந்துபோன அக்காதான் உடைத்தார். இடத்தைக் காட்டியது நான்.

வெயிலிலும் மழையிலும் பொரிந்த கல் உதவாதாம். நல்ல கல்லைப் பொடித்து, ஒரே தனிமத்தின் லேசான ஐசோடோப்பும் கனமானதும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளப்பார்களாம். இந்தக் கிரானைட் பழைய பாறை உருகி உண்டானதா, பூமியின் அடியாழத்திலிருந்து புதிதாக வந்ததா என்று அதில் தெரிந்துவிடுமாம். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. எங்கள் ஊரில் பொரியாத கல் கருப்பசாமிக் கல் ஒன்றுதான். எண்ணெய் பூசிய முன்பக்கம் கண்ணில் படாமல், ஓடை வழியாகப் பின்பக்கம் கூட்டிப்போனேன். சாமி என்று சொன்னால் உடைக்க மாட்டாரே.

இன்று ஊர்க்கூட்டம். அப்பாதான் தலைவர்.

“ஏலே மாரியப்பா, கல்லொடைக்க ஒனக்கு வேற எடமே கிடைக்கலியா?”

“சத்தியமா நான் அங்கன போகவே இல்ல அண்ணாச்சி.”

“பொறவு ஒம் பிள்ளைக்கு எதுக்குல காய்ச்சல் வந்துச்சு?”

கல்லை உடைத்த கோபத்தில் சாமி தந்த அந்தக் காய்ச்சல்தான் சாட்சியாம். விடிந்ததும் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட வேண்டுமாம்.

என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சுடவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அவர்கள் கிளம்புவதற்குள் சொல்லியாக வேண்டும். எப்படித் தொடங்குவது? அப்பா, அந்த அக்காவை நான்தான்

கதவைத் தட்டுகிறார்கள். “ஏட்டி, இன்னுமா தூங்கல?” அப்பா