புடவைக்குள் வைத்த காது மிஷின்

என் ஆசை அம்மாவுக்கு,

நீ போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டுக்கு டிவி வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தெருவே அங்கேதான். இன்னொரு செய்தி: எனக்கும் காது மந்தமாகிவிட்டது. வேலூர் போய்க் காது மிஷின் வாங்கி வந்தேன். சிரிக்கிறாயா? சிரி, உன்னைப் படுத்தினவள்தானே நான்.

உன்னுடையது மாதிரியேதான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். கடைக்காரர் புடவைக்கு மேலே மாட்டிவிட்டார், நன்றாகவே கேட்டது. ஆனால் நாலு பேர் பார்க்க அதோடு நடமாட எனக்குக் கூச்சம். வீட்டுக்கு வந்ததும், அன்று உனக்குத் தைத்துக் கொடுத்த மாதிரியே ரவிக்கைக்குள் ஒரு பை தைத்து, பெட்டியை உள்ளே போட்டு, முந்தானையால் மூடிக்கொண்டேன்.

அப்புறம் என்ன கேட்டது தெரியுமா? யாரோ நெஞ்சுக்குள் உட்கார்ந்து அரிசி புடைக்கிற சத்தம். கையைத் தூக்கினால் சரசர, மூச்சு விட்டால் சரசர. எதிரே உன் மாப்பிள்ளை வாயசைக்கிறார், ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பெட்டியை வெளியே எடுத்தேன். "காபி போடறியா இல்லியா?" என்று கத்திக்கொண்டிருக்கிறார்! எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உள்ளே, வெளியே என்று நாலைந்து தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எல்லாம் பெட்டியில் இருக்கிற மைக்கில் துணி உரசுகிற சத்தம், அம்மா.

நீ சொன்னாயே. "ஒரே எரைச்சலா கீதுடி. பேச்சே கேக்கல, எனக்கு வேணாம்."

"பழகினா சரியாப் போயிடும்மா, கழட்டாத"ன்னு அதட்டினேன்.

நம் கடைக்குட்டி, என் தங்கை சாந்தாவுக்கு அடி அண்ணாமலையில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அம்மாவுக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் பின்வாங்கிவிடுவார்களோ என்று பயந்துதான் உன் மிஷினைப் புடவைக்குள் மறைக்க வைத்தேன். நிச்சயதார்த்தத்தில் சம்பந்தியம்மா ஏதேதோ கேட்க, நீ சிரித்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினாய். தலைக்கனம் பிடித்தவள் என்று பேர் வாங்கினாய். கல்யாணம் முடிந்ததும் மிஷினைக் கழற்றிவைத்துவிட்டாய். குழாயடியில் மணிக்கணக்காக வாயடித்தவள், யார் வந்தாலும் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். வயசாகிவிட்டது என்றோம் நாங்கள்.

அங்கே படுத்து என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்? நாங்கள் சிரித்தபோதெல்லாம் உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று நினைத்தாயா? நான் வெட்கப்பட்டது தெரிந்துதான் பேசாமல் இருந்தாயா? ஒரே ஒரு தடவை அந்தப் பெட்டியை என் காதில் வைத்துப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை? நினைத்தால் அழுகை வருகிறது.

இப்போது மிஷின் முந்தானைக்கு மேலேதான். காய்கறிக்காரர் என் முகத்தை விட்டுவிட்டுப் பெட்டியிடம் குனிந்து, "கத்திரிக்கா வேணுமாம்மா?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டுப் போகட்டும்.

சம்பந்தியம்மா எழுபதைத் தாண்டி நன்றாகவே இருக்கிறார். உன் பேச்சு வந்தால் இன்றைக்கும், "அந்தம்மா எங்கிட்ட ஒரு வார்த்த பேசலியே"ன்னு சொல்கிறார். வருகிற ஞாயிறு அடி அண்ணாமலைக்குப் போகிறேன். அவர் எதிரே உட்கார்ந்து, "எங்கம்மாவுக்குத் தலைக்கனம் இல்லீங்க. நீங்க பேசினது அவங்களுக்குக் கேக்கல. கேக்காமப் பண்ணது நான்தான்" என்று சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்.

உன் மூத்த பொண்ணு,
கமலா